ஒரு சாண் உயர்ந்த பிக்கப்

அத்தியாயம் 5

“ஏத்தியிருக்குதுன்னு சொன்னா உங்களுக்கு நல்லதா, ஏத்தலைன்னு சொன்னா நல்லதா? எதுன்னு சொல்லிடுங்க மேடம். அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்துடறேன்” என்றார் மாரியப்பன்.

அரூரில் பழைய வண்டிகள் வாங்கி விற்கிற அந்த மனிதரைச் சவுரியப்பனுக்குப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போய்விட்டது. பத்து வருஷம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் அவன். ஏறுகிற ஆளைப் பார்த்து ‘நிக்கும்’ என்றும் ‘நிக்காது’ என்றும் ஒரே ஊரைப் பற்றிச் சொல்லிப் பழகியவன். ஆகவே, பொய் சொல்வதற்கு முன்னால் அனுமதி கேட்கிற நேர்மை அவனை உருக்கிவிட்டது.

அவனுடைய முதலாளி பானுமதி உருகுகிற ரகம் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக இருபது வருஷம் நசுங்கிய வண்டிகளைப் பார்த்து, ‘மாடு குறுக்கே வந்தது’ என்ற கதையை ஆயிரம் விதமாகக் கேட்டு, அதற்கப்புறம் சொந்தமாகத் துப்பறியும் நிலையம் திறந்தவள். மாடு இல்லாத ஊரிலும் மாடு குறுக்கே வரும் என்பது அவள் அனுபவம்.

“உண்மை எதுவோ அதைச் சொல்லுங்க” என்றாள்.

மாரியப்பன் முகம் வாடியது. “அது கொஞ்சம் சிக்கல்ங்க. மொத ஓனரு மலைப்பாதையில ஓட்டுனாரு, ஏத்தியிருப்பாரு. ரெண்டாவது ஓனரு டவுனுக்குள்ள ஓட்டுனாரு, எறக்கியிருப்பாரு. கூட்டிக் கழிச்சிப் பாத்தா கம்பெனி ஒசரம்தான் வரும்.”

“நீங்க கீழே படுத்துப் பாத்தீங்களா?”

“நான் விக்கிறவன் மேடம். படுத்துப் பாக்கிறது வாங்குறவங்க வேலை.”

வெளியே வந்து ஸ்கூட்டரில் ஏறியபோது சவுரியப்பன் சொன்னான். “இவரை மட்டும் நம்ம பக்கம் சாட்சியா கூப்பிட்டுடாதீங்க மேடம். எதிராளி ஒண்ணுமே பேசாம ஜெயிச்சிடுவான்.”

பானுமதி சிரிக்கவில்லை. அவளுக்கு நேரம் இல்லை. பொழுது சாய்வதற்குள் அந்த வண்டி எவ்வளவு உயர்த்தப்பட்டது என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அன்பரசியின் வண்டி போலீஸ் ஸ்டேஷன் வாசலுக்குப் போய்விடும். அங்கே போன வண்டிகள் டயருக்குள் செடி முளைத்து நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். கம்பைநல்லூரில் புளி மண்டி வைத்திருப்பவர் ராஜாமணி. முந்தாநாள் ராத்திரி அவர் குடோனின் பின்கதவுப் பூட்டை உடைத்து, கொட்டை எடுத்த புளி முப்பது மூட்டையை யாரோ கிளப்பிவிட்டார்கள். வாசல் பக்கம் ரோடு. எதிரே பேக்கரி. பேக்கரிக் கேமராவில் அன்று ராத்திரி முழுக்க ஒரு வண்டியும் வெளியே போகவில்லை. நாய்தான் போனது, அதுவும் வெறும் வாயோடு. ஆகவே மூட்டைகள் பின்பக்கமாக, ஓடையை ஒட்டிய மண்பாதையில்தான் போயிருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அந்தப் பாதையின் நடுவில், மணல் வண்டிகள் போகக் கூடாது என்று ஊர்க்காரர்கள் ஒரு கருங்கல்லை நட்டு வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் மேட்டுக்கரை. கல்லைச் சுற்றிக்கொண்டு போக முடியாது. அதன் மேலேயே, இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் கல்லை விட்டுத்தான் கடக்க வேண்டும்.

“ஸ்பிரிங் பட்டை ஏத்துன வண்டிதான் அதைத் தாண்டும்” என்று யாரோ சொல்ல, உடனே எல்லோர் கண்ணும் அன்பரசியின் வண்டிமேல் விழுந்தது. மூன்று கறவை மாட்டை விற்று மாரியப்பனிடம் அவள் வாங்கிய பழைய பிக்கப் அது. ராஜாமணியின் மண்டியிலிருந்து புளி ஏற்றிக்கொண்டு சேலத்துக்கும் தர்மபுரிக்கும் அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள். குடோனில் எது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும் என்பதும் சேர்ந்துகொண்டது. நேற்றுக் காலையில் நடுரோட்டில் நிற்க வைத்து, “திருடி” என்று ராஜாமணி கத்திய கத்தலில் பேக்கரியில் டீ குடித்தவர்கள் பாதியில் டம்ளரை வைத்துவிட்டார்கள். சாவியையும் பிடுங்கிக்கொண்டார். அன்பரசி நேராகப் பானுமதியிடம் வந்தாள்; இன்று பொழுது சாயும் வரைதான் ராஜாமணி தவணை கொடுத்திருந்தார்.

*

ராஜாமணியின் மண்டி வாசலில் பெரிய இரும்புக் கேட். அதற்குப் பூட்டு. புளி போனதிலிருந்து உள்ளே இருக்கிற ஒரு வண்டியும் வெளியே போகக் கூடாது என்று அவர் உத்தரவு. ஆள் போகலாம், வரலாம். பக்கத்துச் சின்னக் கதவு வழியாகத்தான் பானுமதியும் சவுரியப்பனும் உள்ளே நுழைந்தார்கள்.

களத்தில் இரண்டு பிக்கப்புகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒரே கம்பெனி, ஒரே மாடல், இரண்டும் வெள்ளை. ஒன்று அன்பரசியுடையது, காலி வண்டி. இன்னொன்று ராஜாமணியின் மனைவிக்குத் தம்பியான குருவுடையது. அதில் தலைக்கு மேலே வைக்கோல் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

அன்பரசி வேப்பமர நிழலில் நின்றிருந்தாள். அழுது முடித்து, கோபமும் முடிந்து, வெறும் சோர்வு மட்டும் மிஞ்சிய முகம். பானுமதியைப் பார்த்ததும் வேகமாக வந்தாள்.

“அக்கா, அந்தாளு என்னா சொன்னாரு? ஏத்தலன்னு சொல்லிட்டாரா?”

“ஏத்தியிருக்கு, எறக்கியிருக்கு, ரெண்டும் சொன்னாரு. வுடு. வண்டியையே கேட்டுக்கலாம்.”

ராஜாமணி நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. மரியாதை தெரியாதவர் இல்லை, ஆனால் முப்பது மூட்டை போன மனிதர். “பாருங்கம்மா. நானா எதுவும் சொல்லல. அளவு சொல்லுது. குரு, அந்த அளவைக் காட்டு.”

குரு துள்ளிக்கொண்டு வந்தான். கையில் டேப். முப்பது வயசு இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, உதவி செய்கிறவர்களுக்கே உரிய சுறுசுறுப்பு. தன் வண்டியின் பின்பக்க விளிம்பிலும் அன்பரசி வண்டியின் விளிம்பிலும் டேப்பை வைத்துக் காட்டினான். வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. சவுரியப்பன் தன் கையை விரித்து வைத்துப் பார்த்தான்.

“ஒரு சாண் இருக்கு மேடம். என் சாண் சின்ன சாண், ஆனா சாண்தான்.”

“பாத்தீங்களாங்க? ஒரே வண்டி, ஒரே மாடல். என்னுது கம்பெனியில இருந்து வந்த மாதிரியே இருக்குது. இவங்க வண்டி ஒரு சாண் எழும்பி நிக்குது. ஏத்தாம எப்படிங்க எழும்பும்? பட்டை கூட செருகியிருக்காங்க” என்றான் குரு.

“உங்க வண்டியில லோடு இருக்குதே தம்பி” என்றாள் பானுமதி.

“வைக்கோல்ங்க! அதுக்கு ஏது கனம்? முந்தாநாள் சாயங்காலம் எல்லாரும் பாக்க ஏத்திக்கிட்டு வந்தேன். கடத்தூருல எம்மாடுங்க பட்டினி கெடக்குது. இங்க அக்கா வூட்டுல ஒரு ராத்திரி தங்கிட்டுப் போலாம்னு வந்தவன், மாமா கேட்டைப் பூட்டுனதுல மாட்டிக்கிட்டேன். மாமா, இப்பவாச்சும் கேட்டைத் தெறந்து வுடுங்க மாமா. வாயில்லா ஜீவனுங்க.”

“பொழுது சாயட்டும்” என்றார் ராஜாமணி.

இந்தச் சமயத்தில் மண்டியில் கட்டியிருந்த பசு, கயிறு எட்டுகிற மட்டும் வந்து, வைக்கோலில் ஒரு வாய் இழுத்தது. குரு ஓடினான். இஸ்திரி போட்ட சட்டை கசங்குவதையும் பார்க்காமல் பசுவின் வாயிலிருந்தே வைக்கோலைப் பிடுங்கி, திரும்ப லோடில் செருகினான்.

“கடத்தூரு மாடு மேல அவ்வளவு பாசம். கம்பைநல்லூரு மாடு மட்டும் மாடில்லையாம்” என்று சவுரியப்பன் முணுமுணுத்தான். பானுமதி அவனைத் திரும்பிப் பார்த்தாள். சாதாரணமாக அவன் நகைச்சுவைக்கு அவள் திரும்புகிற வழக்கம் இல்லை.

“சவுரி, கீழே போ. ரெண்டு வண்டியிலயும் பட்டையை எண்ணு.”

“சட்டை வெள்ளைச் சட்டை மேடம்.”

“தெரியும். அதனாலதான் உன்னை அனுப்பறேன். என்னுது புதுசு.”

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். பிக்கப்பின் பின்பக்கத்தில் அச்சுக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவில் இரும்புப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, வில்லைப் போல வளைத்து அடுக்கியிருக்கும். பள்ளத்தில் விழுந்தால் குதித்துக் கொடுப்பது அவைதான். கூட இரண்டு பட்டையைச் செருகிவிட்டால் வில் நிமிரும், உடம்பு மேலே எழும்பும். வண்டியை ஏத்துவது என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

சவுரியப்பன் அன்பரசியின் வண்டிக்குக் கீழே சுலபமாகப் புகுந்தான். குருவின் வண்டிக்குக் கீழே புகுவதற்கு மூச்சை வெளியே விட வேண்டியிருந்தது. புளி வாசனை மூக்கில் ஏறியது. அந்தக் களத்தில் கல்லுக்கும் மண்ணுக்கும்கூட அந்த வாசனைதான் என்று அவன் அதைப் பெரிசுபடுத்தவில்லை. முதுகெல்லாம் மண்ணோடு வெளியே வந்தான்.

“எண்ணிக்கை ஒண்ணுதான் மேடம். ரெண்டுலயும் அஞ்சு அஞ்சு. எல்லாமே ஒரே துரு, புதுசா செருகுனது ஒண்ணும் இல்ல. ஆனா அவங்க பட்டை நல்லா வளைஞ்சி புன்சிரிப்பு சிரிக்குது. இவரு பட்டை பள்ளிக்கூட ஸ்கேலு மாதிரி நீட்டா, சிரிப்பே இல்லாம இருக்குது.”

“அப்ப கனமான பட்டையா மாத்தியிருப்பாங்க. எண்ணிக்கை ஒண்ணா இருந்தா என்னாங்க?” என்று குரு உடனே பதில் வைத்திருந்தான். எல்லாக் கேள்விக்கும் அவனிடம் பதில் இருந்தது. கேட்காத கேள்விக்கும் இருந்தது.

அன்பரசிக்குப் பொறுக்கவில்லை. “நான் பட்டையைத் தொட்டதே இல்லண்ணா! டயருக்குக் காத்து அடிக்கறதைத் தவிர அந்த வண்டிக்கு நான் ஒண்ணுமே செய்யல!”

“சத்தம் போட்டா உண்மையாயிடுமா?” என்றார் ராஜாமணி. நேற்றுக் காலையில் தான் போட்ட சத்தம் அவருக்கு நினைவு வரவில்லை.

பானுமதி வாட்சைப் பார்த்தாள். “வாங்க, அந்தக் கல்லைப் பாத்துட்டு வந்துடலாம்.”

*

ஓடைப் பாதையில் கல் இருந்தது. சவுரியப்பன் அதன் பக்கத்தில் நின்று பார்த்தான். அவன் முட்டிக்கு இரண்டு விரல் கீழே வந்தது.

“இதைப் பாருங்க” என்று குரு கல்லைத் தட்டிக் காட்டினான். “சாதா வண்டி வந்தா வயித்துல இடிக்கும். ஒரு சாண் ஏத்துன வண்டின்னா அலுங்காம தாண்டிடும். நான்தான் மாமாகிட்ட மொதல்ல சொன்னேன்.”

“நீங்கதான் சொன்னீங்களா?” என்றாள் பானுமதி.

“ஆமாங்க. எனக்கு உடனே தோணிச்சி.”

“நல்லா தோணியிருக்கு.”

அவள் குனிந்து கல்லைச் சுற்றிப் பார்த்தாள். கல்லின் அடியில் தும்பைச் செடிகள் பூத்து நின்றன. எதுவும் மிதிபடவில்லை. பிறகு வேலியிலிருந்து ஒரு குச்சியை ஒடித்து, கல்லோடு நிறுத்தி, அதே உயரத்துக்கு முறித்துச் சவுரியப்பனிடம் கொடுத்தாள்.

“இதைப் பத்திரமா வெச்சிக்க. கேஸே இதுதான்.”

அவன் அதைக் கோயில் வேல் போலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். அன்பரசி பின்னால் வந்தாள். அவள் கண் குச்சியின் மேலேயே இருந்தது. ஒரு வேப்பங்குச்சியை இவ்வளவு நம்பி அவள் ஒருபோதும் நடந்திருக்க மாட்டாள் என்று நினைத்தபோது சவுரியப்பனுக்குப் பாவமாக இருந்தது. வேடிக்கையை நிறுத்திக் குச்சியைக் கீழே இறக்கிக்கொண்டான்.

களத்துக்குத் திரும்பியதும் பானுமதி ராஜாமணியை எழுந்து வரச் சொன்னாள். அவர் வந்தார். மண்டி ஆட்களும் கூடினார்கள்.

“சவுரி, அந்தக் குச்சியை நேரா நிறுத்தி, அன்பரசி வண்டிக்குக் கீழே முன்னால இருந்து பின்னால கொண்டு போ.”

குச்சி முன்பக்கம் தாண்டியது. உடம்புக்குக் கீழே தாராளமாகப் போனது. கூட்டத்தில் ஒருவர், “போவுது, போவுது” என்றார். அன்பரசி கண்ணை மூடிக்கொண்டாள். குரு தலையை ஆட்டினான். பின்சக்கரங்களுக்கு நடுவில் வந்ததும் குச்சி ‘டொக்’ என்று நின்றது.

“என்னா சவுரி?”

“இடிக்குது மேடம். அச்சு நடுவுல பூசணிக்காய் கணக்கா ஒண்ணு உப்பிக்கிட்டு இருக்குதே, அதுல. குச்சியில பாதி உசரத்துலதான் அது தொங்குது.”

பானுமதி ராஜாமணியிடம் திரும்பினாள். “பட்டையை எவ்வளவு ஏத்துனாலும் உடம்புதாங்க ஏறும். அச்சு சக்கரத்துல இருக்குது. சக்கரம் எவ்வளவு ஒசரமோ அச்சும் அவ்வளவுதான். ஒரு சாண் இல்ல, ஒரு ஆள் ஒசரம் ஏத்துனாலும் அந்தப் பூசணிக்காய் அங்கியேதான் தொங்கும். கல்லுல மோதாம எந்தப் பிக்கப்பும் போவ முடியாது.”

“டயரு பெருசா போட்டிருப்பாங்க!” என்றான் குரு.

சவுரியப்பன் டயரில் இருந்த எண்ணைப் படித்தான். குருவின் வண்டி டயரிலும் படித்தான். இரண்டும் ஒன்றுதான்.

“அப்ப கல்லைப் புடுங்கிட்டுப் போயித் திரும்ப நட்டிருப்பாங்க!”

“தும்பைப் பூ உதிராமலா?” என்றான் சவுரியப்பன். “நட்டுட்டு பூவையும் ஒட்ட வெச்சாங்களா?”

கூட்டம் சிரித்தது. ராஜாமணி சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார். “சரிங்கம்மா. முன்பக்கம் ஒரு வண்டியும் போவல. கேமரா சொல்லுது. பின்பக்கம் ஒரு வண்டியும் போவ முடியாது. நீங்க சொல்றீங்க. முப்பது மூட்டை புளி எப்படித்தான் போச்சி? நடந்தா போச்சி?”

“போவவேயில்லைங்க” என்றாள் பானுமதி.

பசு மூக்கால் ஊதியது.

“நேத்திலிருந்து எல்லாரும் இந்த வண்டி எவ்வளவு எழும்பியிருக்குதுன்னே கேக்கறோம். எதை வெச்சி அளந்தோம்? பக்கத்து வண்டியை வெச்சி. பக்கத்து வண்டி சரியான ஒசரத்துல நிக்குதான்னு ஒருத்தரும் கேக்கல. சவுரி, அந்தக் குச்சியைத் தம்பியோட வண்டிக்குக் கீழே கொண்டு போ.”

குச்சி போகவில்லை. பின்பக்க உடம்பிலேயே முட்டிக்கொண்டு நின்றது. அதே கம்பெனி, அதே மாடல், அதே டயர், அதே ஐந்து பட்டை.

சவுரியப்பன் நிமிரும்போது இன்னொன்றைப் பார்த்தான். இரண்டு வண்டியின் பின்பக்கத்திலும் கண் திருஷ்டிக்காகக் கறுப்புக் கயிற்றில் ஒற்றைச் செருப்பு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அன்பரசியின் செருப்பு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. குருவின் செருப்பு தரையில் உட்கார்ந்திருந்தது. கயிறு தொய்ந்து அதன் மேலேயே சுருண்டு கிடந்தது.

“மேடம், இந்த வண்டி செருப்பைக் கழட்டி வுட்டுட்டு நிக்குது மேடம். உள்ளே சாமி இருக்கோ?”

“உள்ளே என்னா இருக்குன்னு தம்பியே சொல்லட்டும். இந்தச் செருப்பு எப்பக் கட்டுனது தம்பி?”

குரு குனிந்து செருப்பைப் பார்த்தான். பதில் சொன்னவள் வீட்டுக் கதவருகே நின்றிருந்த ராஜாமணியின் மனைவி. “போன அமாவாசைக்கு நான்தாங்க கட்டிவுட்டேன். தரையில படாம அளந்து நாலு வெரக்கடை மேலதான் கட்டுனேன். தரையில பட்டா திருஷ்டி திரும்ப ஏறிக்கும்னு சொல்லுவாங்களே.”

“அப்ப அமாவாசைக்கு அப்புறம் வண்டி ஒரு சாண் கீழே எறங்கியிருக்குது. வைக்கோலுக்கு ஏது கனம்னு தம்பியே சொன்னாரு. தரையில கெடக்குதே, கத்தரிச்சி எறிஞ்சிருந்தா எனக்கு இந்தச் சாட்சி கிடைச்சிருக்காது. ஏன் தம்பி அறுக்கல?”

“அமாவாசைக்குக் கட்டுனதை அறுத்தா ஆவாதுங்க” என்றான் குரு. வாயிலிருந்து அது வந்து விழுந்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்குப் புரிந்தது. “இல்ல... நான் என்னா சொல்ல வந்தேன்னா...”

“திருட்டு மூட்டைக்கும் கண்ணு பட்டுடக் கூடாதுன்னு சொல்ல வந்தாரு” என்று சவுரியப்பன் முடித்து வைத்தான்.

ராஜாமணி வேகமாக எதுவும் செய்யவில்லை. மெதுவாக நடந்து வண்டிக்குப் பக்கத்தில் போனார். கயிற்றை அவிழ்த்தார். ஒரு கட்டு வைக்கோலை உருவிப் பசுவுக்கு முன்னால் போட்டார். இன்னொரு கட்டை உருவினார். மூன்றாவதற்குக் கையை விட்டவர் அப்படியே நின்றுவிட்டார். விரலுக்குச் சாக்கு தட்டுப்பட்டிருக்க வேண்டும். வைக்கோலை ஒதுக்கியபோது, சாக்கின் மேல் அவரே சிவப்பு மையால் போட்ட ‘ரா’ தெரிந்தது.

“மாமா” என்றான் குரு.

“பேசாத.”

“மாமா, லோடெல்லாம் அவளுக்கே குடுத்தீங்க. நான் சொந்த மச்சான், சும்மா வண்டியை வெச்சிக்கிட்டு நின்னேன். கேட்டை மட்டும் நீங்க பூட்டாம இருந்திருந்தா...”

“இருந்திருந்தா எம்புளி கடத்தூரு போயிருக்கும். இந்தப் பொண்ணு ஜெயிலுக்குப் போயிருக்கும்.” கோபத்தைவிட அவமானம் ராஜாமணியின் குரலில் அதிகமாக இருந்தது. வீட்டுக் கதவருகே அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மண்டி ஆட்கள் மூட்டைகளை இறக்கினார்கள். குரு தடுக்கவில்லை. இறங்க இறங்க அவன் வண்டி எழுந்தது. கடைசி மூட்டையும் தரைக்கு வந்ததும், சவுரியப்பன் இரண்டு வண்டிக்கும் நடுவில் போய்க் கையை விரித்து வைத்தான். விரலை ஒவ்வொன்றாக மடக்கினான். முடிவில் ஒரு விரலுக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

“சமமா நிக்குது மேடம். அரூர்க்காரரு கூட்டிக் கழிச்சி சொன்ன கணக்கு, அவருக்கே தெரியாம சரியா இருக்குது.”

“எழுதிக்க” என்றாள் பானுமதி. “அன்பரசி வண்டிக்கு ஏத்தம் ஒண்ணும் இல்ல. கம்பெனி ஒசரம்.”

அன்பரசி தன் வண்டியின் கதவில் சாய்ந்தாள். நேற்றிலிருந்து நின்றுகொண்டே இருந்தவள் அவள்.

ராஜாமணி சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். யார் முகத்தையும் பார்க்காமல் நீட்டினார். “எடுத்துக்கிட்டுப் போம்மா. நாளைக்கி தர்மபுரி லோடு இருக்குது. வந்துடு.”

அன்பரசி கையை நீட்டவில்லை.

“நேத்து என்னை எங்க நிக்க வெச்சிக் கத்துனீங்கண்ணா?”

ராஜாமணி கையிலிருந்த சாவியைத் திருப்பிப் பார்த்தார்.

“பேக்கரி முன்னால. எம்பொண்ணு ஸ்கூலுக்குப் போற நேரம். அவ பஸ்ஸுல இருந்து பாத்தா. அதே எடத்துல போயி, அதே சத்தத்துல சொல்லுங்க. அப்புறம் சாவியை வாங்கிக்கறேன்.”

மண்டி ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். பெரிய மனிதர் ஒருவர் மன்னிப்புக் கேட்கப் போகிறாரா, மாட்டாரா என்பதைப் பார்ப்பது போலத் தெரியாமல் பார்ப்பதற்கு அதுதான் வசதியான இடம். பானுமதியின் வேலை வண்டியின் உயரத்தோடு முடிந்துவிட்டது. மனிதரின் உயரத்தை அவரே காட்டட்டும் என்று நின்றாள்.

ராஜாமணி கேட் பூட்டைத் திறந்தார். ரோட்டுக்கு நடந்தார். சாயங்கால டீ நேரம். பேக்கரியில் நல்ல கூட்டம். நடுரோட்டில் நின்று தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

“அன்பரசி... புளியை எடுக்கலைங்க. நான் சொன்னது தப்பு” என்றார். நேற்றைய சத்தத்தில் கால்வாசிகூட இல்லை.

“என்னாங்க? கேக்கல!” என்று பேக்கரிப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

ராஜாமணி ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார். “அன்பரசி திருடலைங்க!”

“பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கலையாம்!” என்றது அதே குரல். நெரிசலில் பின்படிக்கட்டு வரைக்கும் கேட்கிற கண்டக்டர் குரல் அது. சவுரியப்பன் எப்போது ரோட்டைத் தாண்டிப் போய் டீ டம்ளரோடு கூட்டத்தில் நின்றான் என்று பானுமதிக்கே தெரியாது.

“அன்பரசி திருடல! திருடுனது எம்மச்சான் குரு! நேத்து இதே எடத்துல நின்னு அந்தப் பொண்ணைப் பேசுனது என் தப்பு!” ராஜாமணி இப்போது நிஜமாகவே கத்தினார். பேக்கரியில் எல்லோரும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள். போய்க்கொண்டிருந்த டவுன் பஸ்ஸும் வேகத்தைக் குறைத்தது. ஜன்னல்களில் தலைகள் முளைத்தன.

அன்பரசி கேட்டருகே நின்று அந்த ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு ரோட்டுக்கு வந்து, ராஜாமணியின் முன்னால் நின்று, கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டாள்.